ஸ்வெட்டர் லேபிள் சொல்லாத கதை

அம்மா தந்த கம்பளி ஸ்வெட்டரை மெஷின்ல துவைச்சு, பொம்மைச் சட்டை ஆக்கினவன் நான். அதுக்கப்புறம் ‘மெஷின் வாஷ்’ லேபிள் இருந்தாத்தான் வாங்குவேன். இப்போ யோசிக்கிறேன்.

கம்பளி, கெரட்டின் என்ற இயற்கைப் பாலிமர். இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் சுருங்குது. வழக்கமா குளோரினால் செதிலை அரித்து, பிசின் பூசுவாங்க; கழிவுநீரில் குளோரின் சேர்மங்கள் போகும். பிளாஸ்மா, அதாவது மின்னேற்றிய வாயு, தண்ணீரே இல்லாம மேற்பரப்பை மட்டும் மாற்றும்; உள்ளே இழை அப்படியே இருக்கும்.

பல நேரம் அதுக்கும் கொஞ்சம் பிசின் வேணும், செலவும் இருக்கு. இருந்தாலும் என் கட்சி பிளாஸ்மாதான். எப்படித் துவைக்கணும்னு சொல்ற லேபிள், எப்படிச் செய்தாங்கன்னும் சொல்லணும். அடுத்த ஸ்வெட்டர் வாங்கும்போது கேட்டுப் பாருங்க, மக்களே!