ராஜாளியும் ராத்திரியும்

மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஆகாயத்திலிருந்து பாய்ந்து, பறக்கும் புறாவை நடுவானிலேயே அடித்து வீழ்த்தும் பக்ஷி ராஜாளி. முற்காலத்து அரசர்கள் அதைக் கையில் ஏந்தி வேட்டைக்குச் சென்றார்கள். அத்தகைய வீரப் பறவை ஆந்தைக்கு அஞ்சும் என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். பகலில் காக்கைக் கூட்டத்துக்கு ஒளிந்து திரியும் ஆந்தையைத்தானே நாம் அறிவோம்! இரவில் அது செய்வதை அமெரிக்க அறிஞர்கள் வருந்திக் கற்க நேர்ந்தது.

டி.டி.டி. என்னும் பூச்சி மருந்து, இரையின் வழியாக ராஜாளியின் உடலில் சேர்ந்து, அதன் முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரம் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. 1960-களின் நடுவில் அந்நாட்டின் கிழக்குப் பிரதேசத்தில் கூடு கட்டும் ராஜாளியே இல்லாமற் போயிற்று. கார்னெல் சர்வகலாசாலையின் டாம் கேட் என்ற பறவையியல் நிபுணர் 1970-ல் ஒரு ஸ்தாபனம் கண்டு, ராஜாளிகளைக் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தார். அக் குஞ்சுகளைப் பழைய மலைப் பாறைகளில் பெட்டிக்குள் வைத்து, உணவளித்து, பறக்கப் பழக்கினார்கள்.

அங்கே காத்திருந்தது கொம்பன் ஆந்தை. அதன் இறகின் முன்விளிம்பு சீப்புப் பல் போன்றது. காற்றின் ஓசையை அது அடக்கிவிடுகிறது. ராஜாளிக்கோ பகற்கண். அதன் வேகத்துக்கு உயரமும் வெளிச்சமும் வேண்டும். இருட்டில் பாறை விளிம்பில் உறங்கும்போது அதுவும் ஒரு கோழிதான். காவலுக்குத் தாய் தந்தையரும் இல்லாத இளம் ராஜாளிகள் பல, ஆந்தைகளுக்கு இரையாயின. அரும்பாடுபட்டு வளர்த்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆந்தையைப் பழிப்பதற்கு நமக்கு நியாயமில்லை. அது பசிக்குக் கொன்றது. மருந்து தெளித்தவர்களுக்கு அந்தச் சமாதானம்கூடக் கிடையாது. டி.டி.டி.யை அமெரிக்க சர்க்கார் 1972-ல் தடை செய்தார்கள். பறவை வளர்த்தோரும் ஆந்தையோடு மல்லுக்கு நில்லாமல் இடத்தை மாற்றினார்கள். கடலோரச் சதுப்பு நிலங்களில் கோபுரங்கள் எழுப்பிக் குஞ்சுகளை விட்டார்கள். நகரத்து மாடிகளிலும் விட்டார்கள். அங்கெல்லாம் கொம்பன் ஆந்தையின் நடமாட்டம் குறைவு. நகரத்தில் புறாக்களுக்கோ பஞ்சமில்லை. 1983-ல் நியூயார்க்கின் இரண்டு பெரிய பாலங்களில் ராஜாளிகள் கூடு கட்டின. 1999-ல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் ஜாபிதாவிலிருந்தே ராஜாளியின் பெயர் நீக்கப்பட்டது.

பழைய பாறைகளுக்கும் அவை திரும்பிவிட்டன. ஆந்தைகளும் அங்கேதான் வசிக்கின்றன. ஆனால் இப்போது குஞ்சுகளின் அருகே தாய்ப் பறவை இருக்கிறது.