தெருப்பெயர் கேட்கும் தரகருக்கு அரசு உரிமம்

தென்காசியில் வாடகைக்கு வீடு தேடிப் போகும் ஒருவரிடம் தரகர் முதலில் கேட்பது அட்வான்ஸ் எவ்வளவு என்பதை அல்ல. "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" அதைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். "வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்காரு, வந்ததும் சொல்லுதேன்" என்பார். அந்த வீட்டுக்காரர் திரும்பி வருவதே இல்லை. குற்றாலத்தில் சீசனுக்கு இரண்டு நாள் அறை எடுப்பவரிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. மாத வாடகை என்றால், மனை என்றால் வந்துவிடும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 9ஆம் பிரிவில், பதிவான மனைப்பிரிவிலும் அடுக்ககத்திலும் விற்பனை முடித்துக் கொடுக்கும் தரகர் ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்கிறது. பெறாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். பான் அட்டை, வருமான வரிக் கணக்கு, அலுவலக முகவரி எல்லாம் கேட்கிறார்கள். பொய் விளம்பரம் செய்தால் பதிவை ரத்து செய்யலாம். நல்லதுதான், டீக்கடை பெஞ்சில் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நம் மக்களிலும் உண்டு. ஆனால் தரகரின் கடமைகளைச் சொல்லும் 10ஆம் பிரிவில், வாங்க வருபவரின் சாதியைப் பார்க்கக் கூடாது என்று ஒரு சொல் கிடையாது. வாடகைத் தரகரோ இந்தச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை.

பதிவும் சங்கமும் வந்தால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே தரகர்களின் தேசிய சங்கம் 1924இல் எழுதிய நெறிமுறையே, சொத்து மதிப்பைக் குறைக்கும் இனத்தவரை ஒரு குடியிருப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. "அவங்க வந்தா ரேட் இறங்கிரும்" என்று நம் ஊரில் சொல்வது அதேதான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இன்று அங்கே தரகர் உரிமத் தேர்வில் அது ஒரு பாடம்.

இங்கே சட்டம் இல்லாமலும் இல்லை. திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரி 26 முதல் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. பட்டியல் சாதியினரோடு வணிகம் செய்ய மறுப்பதும் சேவையை மறுப்பதும் அதில் அடங்கும். 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையக்கூட நீதிமன்றம் தடை விதித்தது. மிட்டாய் மறுத்ததற்கு இவ்வளவு நடந்தது. மனை மறுத்ததற்கு? கடைக்காரர் வாய்விட்டுச் சொன்னார், அது காணொளியாகிவிட்டது. தரகர் சிரித்துக்கொண்டே "அது முடிஞ்சு போச்சே" என்கிறார். சாட்சிக்கு எங்கே போவது?

அதனால்தான் உரிமத்தில் கைவைக்கச் சொல்கிறோம். 84ஆம் பிரிவின்படி விதி செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. சாதியோ மதமோ கேட்டு மனையை மறுக்க மாட்டேன், மறுக்கச் சொல்லும் உரிமையாளருக்கு வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியை விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். மீறினால் பதிவு ரத்து. "சைவம் மட்டும்" என்ற முகமூடிக்கும் இது பொருந்த வேண்டும். வாடகைத் தரகர்களுக்குத் தனிச் சட்டம் தேவைப்படும், அதையும் கொண்டுவரட்டும். தரகர் பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். ஏற்கெனவே பதிவு பெற்றவர்களிடம் அடுத்த புதுப்பித்தலில் இந்தக் கையெழுத்தை வாங்கட்டும்.