மழையை அளந்தால் மட்டும் போதுமா?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்சுழி அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். அன்று தென்மாவட்ட மக்கள் பட்ட துன்பத்தை நம் சமுதாயம் மறந்திருக்காது. அதே மழை கரிசல் காட்டில் பெய்தால் என்ன ஆகும்?

இத்தனை செ.மீ. பெய்யும் என்பதோடு வானிலை அறிக்கை நின்றுவிடும். மண் குடித்தது, கண்மாய் பிடித்தது போக ஆற்றுக்கு எவ்வளவு நீர், எத்தனை மணிக்கு வரும் என்பது தனிக் கணக்கு. மண்ணின் உறிஞ்சும் திறன் போன்ற சில எண்களை உத்தேசமாக வைத்தே கணினியில் அதைத் தொடங்குவார்கள். பிறகு முந்தைய மழைகளில் ஆற்றில் உண்மையில் ஓடிய நீரோடு ஒப்பிட்டு அந்த எண்களைத் திருத்துவார்கள். இந்தத் திருத்தம் சரியில்லை என்றால் எச்சரிக்கையும் சரியாக இருக்காது.

இங்கேதான் கரிசலின் குணம் முக்கியமாகிறது. கோடையில் வெடிப்பு விட்டுக் கிடக்கும் நிலம் முதல் மழையை அப்படியே விழுங்கிவிடும். கார்த்திகையில் நனைந்து, ஊதி, வெடிப்பு மூடிய பிறகு அதே அளவு மழையில் பெரும்பகுதி ஓடைக்கு வந்துவிடும். கண்மாயும் அப்படித்தான். காலியாக இருந்தால் வெள்ளத்தைத் தாங்கும். நிரம்பியிருந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயையும் நெருக்கும். எனவே முதல் மழையை வைத்துத் திருத்திய கணக்கு, மூன்றாவது மழையின் வெள்ளத்தைக் குறைத்தே சொல்லும்.

சென்னைத் தொழுகை நேர அட்டவணையை நாம் திருச்சுழியில் அப்படியே பயன்படுத்துவதில்லை. நம் ஊருக்கு நிமிடங்களைத் திருத்திக்கொள்கிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென வெள்ள முன்னறிவிப்பு முறை உருவாக்கப்பட்டது. அதன் எண்கள் குண்டாற்றுக்குப் பொருந்தாது. இங்கு மணிக்கு மணி மழை அளவும், ஆற்றின் நீர்மட்டமும் தேவை. பத்து செ.மீ. மழை ஒரு நாளில் பெய்வதும் இரண்டு மணி நேரத்தில் கொட்டுவதும் ஒன்றல்ல. பல மழைகளை வைத்துத் திருத்தி, கணக்கில் சேர்க்காத வேறொரு மழையைக் கொண்டு சோதித்த பிறகே அதை நம்பலாம்.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றை யார் அளப்பார்கள் என்று விட்டுவிடக் கூடாது. நீர்வளத் துறையிடம் இதைக் கோருவோம். நம் பங்காக, வெள்ளம் வந்தால் பாலத்திலும் சுவரிலும் நீர் ஏறிய மட்டத்தைத் தேதி, நேரத்துடன் குறித்து வைப்போம். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஊர் மக்கள் அனைவரோடும் சேர்ந்து இதைச் செய்யலாம். அந்தக் குறிப்பு, அடுத்த வெள்ளத்தில் ஒரு குடும்பம் வெளியேற ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரக்கூடும், இன்ஷா அல்லாஹ்.