'ட்ரிப்' போறீங்களா, 'ட்ரிப்' ஆகப் போறீங்களா? பூம்பாறையைச் சிக்கலில் விட்ட ஒரு சொல்

"கொடைக்கானல் ட்ரிப்" என்று நண்பர் சொன்னால், சுற்றுலா என்றுதான் பலரும் நினைப்போம். சிலர் குழுக்களில் அதற்கு வேறு அர்த்தம். அவர்கள் சொல்வது போதைக் காளான். கொடைக்கானலில் இருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள பூம்பாறையின் பெயரும் இந்தப் பேச்சில் அடிபடுகிறது.

ட்ரிப் என்றால் என்ன?

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. முதலில் துள்ளி நடப்பதையும், கால் இடறுவதையும் குறித்தது. பிறகு மாலுமிகளின் பேச்சில் சிறிய கடல் பயணம் ஆனது. அப்படியே எல்லாப் பயணத்துக்கும் பொதுவானது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு வேலை இன்னும் அதிகம். லாரி டிரைவர் "மூணு ட்ரிப் அடிச்சேன்" என்பார். எலக்ட்ரீஷியன் "லைன் ட்ரிப் ஆயிடுச்சு" என்பார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'ட்ரிப்ஸ்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது சொட்டு என்று பொருள்படும் 'டிரிப்' என்ற வேறு சொல்.

போதை அர்த்தம் எப்போது வந்தது?

1950-களின் கடைசியில், அமெரிக்காவில். எல்.எஸ்.டி. போன்றவற்றால் வரும் மாயத்தோற்றங்களை 'ட்ரிப்' என்றார்கள். உடம்பு நகராமல் மனசு மட்டும் எங்கோ போய் வருவதாக அர்த்தம். பயந்து நடுங்கினால் 'பேட் ட்ரிப்'. இன்றைய பேச்சுவழக்கில், சின்ன விஷயத்துக்கு ஓவராக ரியாக்ட் செய்வதும் 'ட்ரிப்பிங்'தான்.

'மேஜிக்' யார் வைத்த பெயர்?

நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன், மெக்சிகோவின் ஹுவாட்லா என்ற மலை ஊரில் மரியா சபினா என்ற வைத்தியப் பெண் நடத்திய காளான் சடங்கில் 1955-ல் கலந்துகொண்டார். அந்த அனுபவத்தை 1957-ல் 'லைஃப்' இதழில் எழுதினார். அதன் தலைப்பில் வந்த 'மேஜிக் மஷ்ரூம்' உலகம் முழுக்கப் பரவியது.

கட்டுரையில் மரியாவின் உண்மைப் பெயர் இல்லை. ஆனாலும் ஊர் வெளியே தெரிந்துவிட்டது. 'ட்ரிப்' தேடி வெளியூர் இளைஞர்கள் குவிந்தார்கள், பின்னாலேயே போலீஸும் வந்தது. ஊரார் மரியாவைக் குறை சொன்னார்கள், அவர் வீடு எரிக்கப்பட்டது. நோய் தீர்க்கும் சடங்காக இருந்தது, வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது.

பூம்பாறைக்கு என்ன?

இந்த ஊருக்குச் சொந்த அடையாளங்கள் இருக்கின்றன. குழந்தை வேலப்பர் கோயில், படிப்படியான வயல்கள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. பூண்டு போட்டுப் பிழைக்கும் ஊரின் பெயரைச் சொன்னதும் ஒருவர் கண்ணடித்துச் சிரித்தால், அந்த அவமானம் அங்கே வாழ்பவர்களுக்குத்தான். வந்தவர் ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கிப் போய்விடுவார்.

சட்டமும் ஆபத்தும்

இந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின், 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. கொடைக்கானலில் போதைக் காளான் விற்றவர்கள் கைதாகியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆள் மாறாட்டம் போலக் காளான் மாறாட்டம். சில நச்சுக் காளான்களில் உள்ள அமடாக்சின் கல்லீரலைச் சிதைத்து உயிரையே எடுத்துவிடும். சாப்பிட்டு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அறிகுறியே தெரியாது. தெரியும்போது விஷம் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

என்ன செய்யலாம்?

'மேஜிக்', 'ட்ரிப்' என்ற சொற்கள் இதை ஒரு விளையாட்டு மாதிரி காட்டுகின்றன. 'போதைக் காளான்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் கவர்ச்சி பாதி போய்விடும். ரீல்ஸ் போடுபவர்களும், தலைப்பு வைக்கும் எங்களைப் போன்ற ஊடகங்களும் இதைக் கவனிக்க வேண்டும். விற்பவரைப் பிடிப்பது போலீஸ் வேலை. ஒரு ஊரின் பெயரைப் போதைக்கு அடைமொழி ஆக்காமல் இருப்பது நம் வேலை.

பூம்பாறைக்கு ட்ரிப் போங்க. வேலப்பரைக் கும்பிட்டு, பூண்டு வாங்கிட்டு வாங்க.