வாயைக் கட்டச் சொன்னால் மட்டும் போதுமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடன் வீட்டிலும் வெளியிலும் சொல்லப்படும் முதல் அறிவுரை, 'வாயைக் கட்டு' என்பதுதான். அந்த அறிவுரையில் பிழையில்லை. ஆனால், நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. ஓரிரு தலைமுறைக்குள் இத்தனை கோடிப் பேரும் ஒருசேர மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்பது நம்பத்தகுந்த விளக்கம் அல்ல. அவர்கள் உண்ணும் உணவும், அதை வாங்கும் கடையும் மாறியிருக்கின்றன. மக்களைக் குறைகூறுவதற்கு முன் அரசு சீர்செய்ய வேண்டியது அந்தக் கடையைத்தான்.

மன உறுதி எல்லா நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏழு இலக்க எண் ஒன்றை நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், இரண்டு இலக்க எண்ணை நினைவில் வைத்திருந்தவர்களைவிட அதிகமாகப் பழக்கலவையைத் தவிர்த்து கேக்கைத் தேர்ந்தெடுத்ததாக 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வேலை முடிந்து, வீட்டுக் கணக்கை மனத்தில் ஓட்டியபடி பல்பொருள் அங்காடிக்குள் நுழைபவரின் நிலையும் அதுதான். மிட்டாயும் சிப்ஸும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், பில் போடும் வரிசையை ஒட்டியே அடுக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கரை, உப்பு, கொழுப்பின் அளவோ பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆசையைத் தூண்டுவது கண்முன்னே நிற்க, எச்சரிக்க வேண்டியது மறைந்து கிடக்கிறது.

இந்த ஏற்பாட்டை மாற்ற முடியும். பில் போடும் இடத்திலிருந்து இனிப்பையும் சிப்ஸையும் அகற்றுவதாக பிரிட்டனின் சில அங்காடி நிறுவனங்கள் தாமாகவே முடிவெடுத்தபோது, அவற்றின் சிறு பாக்கெட் விற்பனை உடனடியாக ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. பெரிய கடைகளின் நுழைவாயில், அலமாரி முனை, பில் போடும் இடம் ஆகியவற்றில் இத்தகைய பண்டங்களை வைப்பதற்கு இங்கிலாந்து 2022 அக்டோபரில் சட்டப்படி தடைவிதித்தது. சிலி நாடு 2016-இல் பாக்கெட்டின் முன்புறம் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளுக்கான விளம்பரத்தையும் பள்ளி விற்பனையையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. அதன்பின் அங்கு சர்க்கரை மிகுந்த பானங்கள் வாங்கப்படும் அளவு சுமார் 24 விழுக்காடு சரிந்தது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-இல், பாக்கெட் உணவுக்கு மதிப்பெண்ணின்படி நட்சத்திரம் தரும் குறியீட்டை முன்மொழிந்தது. அது முடிவாகாமல் இழுபட்டதால், முன்புற லேபிள் பற்றிய பரிந்துரையை மூன்று மாதங்களில் முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. நட்சத்திரம் நம் மக்கள் மனத்தில் பாராட்டின் அடையாளம். கொஞ்சம் நார்ச்சத்தையோ பருப்பையோ சேர்த்து, சர்க்கரையால் இழந்த மதிப்பெண்ணை ஈடுகட்டவும் அது இடம்தரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே பார்வையில் புரிவது எச்சரிக்கைச் சின்னமே.

எதை உண்பது என்பது தனிமனித உரிமை என்ற வாதம் மதிக்கத்தக்கது. ஆனால், எச்சரிக்கைச் சின்னம் எந்தப் பொருளையும் தடைசெய்வதில்லை. உள்ளே இருப்பதை அறிந்து தேர்ந்தெடுப்பதற்கு உதவி, அந்த உரிமைக்கு வலுச்சேர்க்கிறது. முறுக்கும் அதிரசமும் இதனால் அவப்பெயர் பெறும் என்ற அச்சமும் உண்டு. உப்பும் சர்க்கரையும் எந்த மரபிலிருந்து வந்தாலும் உடலில் செய்யும் வேலை ஒன்றுதான். பாக்கெட்டில் விற்கும் பொருள் அனைத்துக்கும் ஒரே அளவுகோல் இருப்பதே நியாயம். சிறு வணிகர் பாதிக்கப்படாதிருக்க, இத்தகைய பண்டங்களை எங்கே வைக்கலாம் என்ற ஒழுங்கைப் பெரிய அங்காடிகளிலிருந்து தொடங்கலாம். பிஸ்கட்டைவிடப் பழம் விலை அதிகம் என்ற குறையைச் சின்னம் தீர்க்காது என்பது உண்மை. அதற்குத் தனி நடவடிக்கை தேவை. ஆனால், ஒரு குறை மிச்சமிருப்பது மற்றொன்றைத் தீர்க்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வகுத்த நாடு இது. சூழல் ஆசையை வளர்க்கும் என்பதை அரசு அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டது. நட்சத்திரத் திட்டத்தைக் கைவிட்டு, முன்புற எச்சரிக்கைச் சின்னத்தைக் காலக்கெடுவுடன் கட்டாயமாக்க வேண்டும். பெரிய அங்காடிகளில் பில் போடும் இடத்தை இத்தகைய பண்டங்களிலிருந்து விடுவிக்க வேண்டும். வாயைக் கட்ட முயலும் ஒவ்வொருவருக்கும் அரசு செய்துதர வேண்டிய குறைந்தபட்ச உதவி இது.