கசாப்புத் தெருவும் கல்வாரி நாடகமும்



ஊர் பார்க்கப் புறப்படுவோர் பலர் கோட்டையையும் கோபுரத்தையும் கண்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். வட இங்கிலாந்திலுள்ள யார்க் மாநகரையும் அவ்வாறு ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும், அந்நகர வீதிகளில் நடைபெறும் மறைநாடகங்களைக் கண்ட பின்னரே அந்நகரின் உள்ளம் நமக்கு விளங்கிற்று.

கி.பி. 71-இல் உரோமைப் படையினர் அமைத்த கோட்டையிலிருந்து வளர்ந்தது யார்க். கான்ஸ்டன்டைன் 306-இல் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். பேராலயத்தின் அருகே அவருடைய வெண்கலச் சிலை வீற்றிருக்கிறது. இன்று ஆங்கிலிக்கன் சபையாரிடமுள்ள அப்பேராலயத்தின் கீழ்த்திசைப் பெருஞ்சாளரத்தை, ஜான் தார்ன்டன் என்னும் கலைஞர் 1405 முதல் 1408 வரை உழைத்து உருவாக்கினார். உலகப் படைப்பும் திருவெளிப்பாட்டுக் காட்சிகளும் அதில் வண்ணக் கண்ணாடியில் மிளிர்கின்றன.

இனி நாடகத்திற்கு வருவோம். 14-ஆம் நூற்றாண்டு முதல், கிறிஸ்துவின் திருவுடல் திருநாளன்று, உலகப் படைப்பு தொடங்கிப் பொதுத்தீர்வை வரையிலான மீட்பு வரலாறு முழுவதும் இங்கு வீதிகளில் நடிக்கப்பட்டது. நம் திருவிழாச் சப்பரம் போன்ற சக்கர வண்டிகளே மேடைகள். மக்கள் தத்தம் இடத்தில் நிற்க, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நடித்துச் செல்லும். ஒவ்வொரு நாடகமும் ஒரு தொழிற்சங்கத்தாரின் பொறுப்பு. மரக்கலம் கட்டுவோர் நோவாவின் பேழையைக் கட்டினர். ரொட்டி சுடுவோர் இறுதி இராவுணவை நடித்தனர். ஆணி செய்வோர் சிலுவையில் அறைதலையும், கசாப்புக்காரர் ஆண்டவரின் மரணத்தையும் ஏற்றனர்.

சிலுவையில் அறையும் காட்சி நம்மை உலுக்கிவிட்டது. நான்கு சேவகர் வருகின்றனர். மரத்தில் துளைகள் தவறான இடத்தில் இடப்பட்டிருப்பதால், ஆண்டவரின் உடலைக் கயிற்றால் இழுத்து எட்டவைக்கின்றனர். சிலுவையைத் தூக்குகையில் பாரம் தாங்கவில்லையென முனகுகின்றனர். அவர்களிடம் பகையைவிட, வேலையை முடிக்கும் அவசரமே மிகுந்து காணப்படுகிறது. கிடத்தப்பட்டவரோ இருமுறை மட்டுமே வாய் திறக்கிறார்.

சமய மாற்றத்தின் புயலில் இந்நாடகங்கள் 1569-க்குப்பின் நின்றுபோயின. அப்பொழுது மார்கரெட் என்னும் மெழுகு வணிகரின் மகள் ஏறத்தாழ 13 வயதுச் சிறுமி. அவர் 1571-இல் ஜான் கிளித்ரோ என்னும் கசாப்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்டார். பின்னர்க் கத்தோலிக்க மறையைத் தழுவி, தேடப்பட்ட குருக்களுக்குத் தம் இல்லத்தில் புகலிடம் தந்தார். கைதான பின், வழக்கில் பதிலுரைக்க மறுத்தார். பதிலுரைத்து விசாரணை நடந்தால், தம் பிள்ளைகளே கூண்டேறிச் சாட்சி சொல்ல நேரும் என்பதை அத்தாய் அறிந்திருந்தார். 1586 மார்ச் 25-ஆம் நாள் அவர்மேல் கதவொன்றைக் கிடத்தி, அதன்மேல் பாரங்களை ஏற்றி நசுக்கிக் கொன்றனர். அதைச் செய்ய வேண்டிய அதிகாரிகள் நான்கு பிச்சைக்காரரைக் கூலிக்கு அமர்த்தினராம். நாடகத்தின் நான்கு சேவகர் நம் கண்முன் வந்து நின்றனர்!

திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஷாம்பிள்ஸ் என்னும் பழைய கசாப்புத் தெருவில் இன்று இறைச்சிக் கடை எதுவுமில்லை. அவர் பெயரால் ஒரு சிறு செபக்கூடம் இருக்கிறது. நின்றுபோன நாடகங்களும், 1951-இல் மரியன்னை மடாலயத்தின் இடிபாடுகளிடையே மீண்டும் உயிர்பெற்றன. 1998 முதல் நகரச் சங்கத்தார் அவற்றை மறுபடியும் வண்டிகளில் ஏற்றி வீதிக்குக் கொணர்ந்துள்ளனர்.

தாம் செய்யும் ஆணி எதற்கெல்லாம் பயன்படக்கூடும் என்பதை ஊரறியக் காட்டினர் அன்றைய ஆணித் தொழிலாளர். நாமும் கடையிலும் அலுவலகத்திலும், “சொன்னதைத்தானே செய்தேன், கூலிக்குத்தானே செய்தேன்” என்று கூறி எத்தனையோ வேலைகளை முடித்துவிடுகிறோம். அந்த வேலையின் அடியில் யாரேனும் ஒருவர் நசுங்கிக் கிடக்கிறாரா என்று குனிந்து பார்க்கிறோமா? அடுத்த தவக்காலத்தில் உங்கள் பங்கில் பாஸ்கு நாடகம் நடக்கும்பொழுது, ஆண்டவரை மட்டுமன்று, சுத்தியல் பிடித்த சேவகரையும் சற்று உற்றுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.