பாடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் சாயங்கால வேளையில் நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பெண் குழந்தை சரளி வரிசை பாடும் சப்தம் காதில் விழும். சம்பளம் கொடுத்து, வாத்தியார் வைத்து, வருஷக்கணக்காய்க் கற்பிக்கிறார்கள். எதற்காக? பெண் பார்க்க வருகிறவர்கள் முன் ஒரு பாட்டுப் பாடிக் காட்டுவதற்காகத்தான் என்பதை எந்தத் தகப்பனாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். கல்யாணம் முடிந்ததும் வீணை உறைக்குள் போய்விடுகிறது. அதையும் மீறி ஒரு பெண் பாடவேண்டும் என்று புறப்பட்டால், தேதி கொடுக்கிறவர் யார், பக்கவாத்தியக்காரர் யார், சன்மானத்தை நிர்ணயிக்கிறவர் யார்? பெரும்பாலும் புருஷர்களே.

திறமை இருந்தால் மேடை தானாக வரும் என்று சில பெரியவர்கள் உபதேசம் செய்கிறார்கள். தானாக வந்த யோக்கியதையைத் திருவையாற்றில் பார்க்கலாம். 1847-இல் இறந்த தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தது. தான் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, அங்கே கட்டடம் எழுப்பி, 1925-இல் கும்பாபிஷேகம் செய்வித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனால் அங்கே ஆராதனை நடத்திவந்த பெரிய கட்சி, சின்ன கட்சி என்ற இரண்டு புருஷர் கட்சிகளும், எதில் சண்டையிட்டாலும், பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாயிருந்தன! அம்மாளின் பணத்துக்குத் தீட்டில்லை. குரலுக்குத்தான் தீட்டு என்றால் இதற்கு என்ன அர்த்தம்?

அம்மாள் மனுப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. 1920களின் கடைசியில் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியாகவே நடத்தினார். ஜனங்கள் அதற்குப் 'பெண்கள் கட்சி' என்றே பெயர் வைத்தார்கள். 1940-41-இல் கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் இடம் கொடுத்தே தீரவேண்டியதாயிற்று. சமாதி பூஜை நமக்கு உடன்பாடானதல்ல. தேவதாசி முறையை ஒழிக்க வந்த சட்டத்தை அம்மாள் எதிர்த்ததும் நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் கெஞ்சாமல் இடம் பிடித்த காரியத்தை மறைப்பது நேர்மையாகாது.

கெஞ்சிக் காத்திருந்தால் எவ்வளவு காலமாகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1928-இல் சென்னையில் ஏற்பட்ட மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி பட்டத்தை முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது 1968-இல். அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி! பாலக்காடு மணி அய்யரோ பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்துவிட்டு, பிற்பாடுதான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். இந்தத் தொல்லை வேண்டாமென்றுதானோ என்னவோ, கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் பெண்களையே சேர்த்து 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற தாளவாத்தியக் குழுவை அமைத்தார்.

இதெல்லாம் நமது கொங்கு நாட்டுக்கு ஆகாது என்று சொல்லவும் வழியில்லை. கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வயிற்றுக்காக ரயிலில் பாடிய சிறுமிதான் கே.பி. சுந்தராம்பாள். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் போட்டு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். சட்ட மேல்சபைக்குப் போனார். பிறந்த ஊரிலேயே சொந்தமாகத் தியேட்டரும் கட்டினார். ரயிலில் யாரிடம் கை நீட்டினாரோ, அவர்கள் பிறகு அவர் வாசலில் டிக்கட் வாங்கினார்கள்.

ஆகவே ஆர்.எஸ். புரத்துத் தாய்மார்களைக் கேட்கிறோம். நகைக்குப் போடும் பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்தால் மாதம் ஒருமுறை ஒரு கூடம் வாடகைக்குப் பிடிக்க முடியாதா? பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒருவர் பாட, ஒருவர் பிடில் வாசிக்க, ஒருவர் கணக்கு எழுத மாட்டார்களா? வாய்ப்பாட்டுக்கு அனுப்பும் பெண்களில் இரண்டு பேரையாவது மிருதங்கத்துக்கு அனுப்புங்கள். புருஷர்கள் தாராளமாய் வந்து கேட்கட்டும். டிக்கட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு.